ஒரு பைசாத் தமிழனும் இலவச இணைய வகுப்பும்



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் இந்த உரையில் எதைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்ட கேள்விதான் பொருளைத் தந்தது. அவள் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அம்மா பூப்பறிக்கப் போகிறவர். அண்ணனுக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. இவள் தமிழ்வழியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாலையில் எங்கள் படிப்பகத்துக்கு வருவாள். ஒருநாள், "அக்கா, சமூகவியல் அறிமுகம்னு நெட்ல ஒரு கோர்ஸ் இலவசமா இருக்கு. சேரட்டுமா?" என்று கேட்டாள். "தாராளமாச் சேரு, காசா பணமா" என்றேன்.

நான்காவது வாரம் விட்டுவிட்டாள். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அண்ணனோடு ஷிப்டுக்குப் போய்விடும். பாடம் ஆங்கிலத்தில். அசைன்மென்டுக்குக் கெடு தேதி உண்டு. இவற்றையெல்லாம்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. "ஒண்ணுமே புரியலைன்னு இல்லக்கா. புரியாதத யார்கிட்டக் கேக்குறதுன்னுதான் தெரியல" என்றாள்.

"காசா பணமா" என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் உறைத்தது. காசு வாங்காத பாடம் நம் மக்களுக்குப் புதிதல்ல. நூற்றுமுப்பது ஆண்டுகளாக இலவசப் பள்ளி, உதவித்தொகை, தபால்வழிக் கல்வி, இப்போது இணையம் என்று அது வந்துகொண்டே இருக்கிறது. அதில் எது நம்மை மேலே ஏற்றியது, எது வாசலிலேயே நிறுத்தியது என்று பார்ப்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

1. இன்று கிடைப்பவை

முதலில், என்னவெல்லாம் கிடைக்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. பிரிட்டனில் 1969இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2006இல் 'ஓப்பன்லேர்ன்' என்ற பெயரில் கலை, மொழி, சமூக அறிவியல் உள்ளிட்ட துறைகளில் அறிமுகப் பாடங்களை இலவசமாகத் திறந்துவிட்டது.

இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. பொறியியலுக்காக வந்த திட்டம் என்றாலும் பிறகு மானுடவியல் துறைப் பாடங்களும் அதில் சேர்ந்தன. ஒன்றிய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. இக்னோ, பல்கலைக்கழக மானியக் குழு போன்ற ஒன்பது அமைப்புகள் அதை ஒருங்கிணைக்கின்றன. ஒவ்வொரு பாடத்திலும் நான்கு பகுதிகள் உண்டு: காணொளி, படிக்க வேண்டிய குறிப்பு, தன்மதிப்பீட்டுத் தேர்வு, கேள்வி கேட்பதற்கான விவாதப் பகுதி. படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். அணுகல், சமத்துவம், தரம் ஆகிய மூன்றும் இத்தளத்தின் அடிப்படைகள் என்று அரசு சொல்கிறது.

இதில் தமிழகம் பின்தங்கி நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஸ்வயம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 2001 பிப்ரவரியில், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்துவிட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வியிலிருந்து தமிழியல் இளங்கலைப் பட்டம் வரைக்குமான பாடங்களை அது இணையத்தில் வைத்தது. அயலகத் தமிழர்களின் பிள்ளைகளை மனத்தில் கொண்டு உருவானது என்றாலும், திண்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் அதைத் திறந்து படிக்கலாம்.

ஆக, பாடத்துக்குப் பஞ்சமில்லை. படிப்பவர்கள் யார்? பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தம் பல்கலைக்கழகம் வழங்கிய இணையப் பாடங்களில் சேர்ந்தவர்கள் யார் என்று 2013இல் ஆராய்ந்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்கெனவே கல்லூரிப் பட்டம் வைத்திருந்தவர்கள். வளரும் நாடுகளிலும் இந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் வசதியும் படிப்பும் உள்ள குடும்பத்தினர்தான். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. உள்ளே நுழைந்தவர்கள் ஏற்கெனவே வேறொரு வாசல் வழியாகப் படித்து வந்தவர்கள்.

2. தொடக்கத்தோடு நின்ற கல்வி

சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கான கல்வி வரலாற்றில் இரண்டு ஆண்டுகளை அடிக்கடி சொல்வார்கள். ஒன்று 1893. பஞ்சமர் பள்ளிகளுக்கு நிதியுதவி விதிகளை அரசு இலகுவாக்கிய ஆணை அந்த ஆண்டில்தான் வந்தது. செங்கல்பட்டு மாவட்டப் பறையர் நிலை பற்றி ஆட்சியர் திரமென்கீர் எழுதிய குறிப்பு அதற்குச் சற்று முன்புதான் அரசின் பார்வைக்குப் போயிருந்தது. மற்றொன்று 1894. கர்னல் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கிய ஆண்டு. அதைத் தொடர்ந்து அவர் பெயராலும் பிரம்மஞான சபையின் பெயராலும் மேலும் சில பள்ளிகள் எழுந்தன.

இந்தப் பள்ளிகளின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஊர்ப் பள்ளியின் திண்ணையில்கூட உட்கார விடாத காலத்தில் பலகையும் பலப்பமும் கொடுத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவை தொடக்கப் பள்ளிகள். எழுத்து, வாசிப்பு, கணக்கு, அதோடு முடிந்தது. அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று போவதற்கு யாரும் பாதை போட்டுத் தரவில்லை. 1920களில் தொழிலாளர் துறையின் கீழ் தனிப் பள்ளிகள் பெருகின. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவற்றிலும் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகளே.

மற்றவர்களுக்குத் தொடக்கம் என்பது தொடக்கம். நமக்கோ தொடக்கமே முடிவாக வைக்கப்பட்டது. 'அறிமுகப் பாடம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வருகிறது.

அந்தக் காலத்திலேயே வேறு வழியைக் கண்டவர்கள் நம் முன்னோர்கள். அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓராண்டு கழித்து அது 'தமிழன்' ஆயிற்று. விலையையே பெயராக வைத்த பத்திரிகை அது. ஒரு பைசா கொடுத்தால் வரலாறு, மொழி, இலக்கியம், மருத்துவம், அரசியல் எல்லாம் கிடைக்கும். இன்றைய சொல்லில் சொன்னால் அது வாராவாரம் வீடு தேடி வந்த வகுப்பு.

அந்தத் தாள் தனியாக வரவில்லை என்பதுதான் முக்கியம். 1898இல் அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் அதன் பின்னால் இருந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளிடையே அதற்குக் கிளையும் வாசகர்களும் இருந்தார்கள். ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கும் காலம் அது. புரியாததை அந்த இடத்திலேயே கேட்கலாம். ஆசிரியருக்கே எழுதிக் கேட்கலாம். பதிலும் இதழில் வரும். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகும், 1920களில் அப்பாதுரையார் அந்த இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்த முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அங்கே ஒரு வாசகக் கூட்டம் இருந்ததுதான். ஒரு பைசா என்ற விலை வாசலைத் திறந்தது. உள்ளே உட்கார வைத்துப் பேசியது சங்கம்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோதும் இதைத்தான் செய்தார். பாடத்தோடு தங்க இடமும் சோறும் கொடுத்தார். தில்லைக்குள் நுழைய நந்தனார் தீக்குளிக்க வேண்டியிருந்தது என்று சொல்லப்படும் அதே ஊரில், நம் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு கூரை கிடைத்தது.

3. அம்பேத்கர் படித்த அறிமுகப் பாடங்கள்

1913இல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்த பாடங்களின் பட்டியல் ஆச்சரியமானது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. இவற்றோடு அடிப்படைப் பிரெஞ்சில் ஒன்று, அடிப்படை ஜெர்மனில் ஒன்று. இன்று ஒரு இணையத் தளத்தில் கலை, மொழி, சமூக அறிவியல் என்று வரிசையாகக் காட்டும் அத்தனைக்குள்ளும் அவர் போய் வந்திருக்கிறார். அறிமுகப் பாடம் படிப்பதை அவரும் இழிவாக நினைக்கவில்லை.

ஆனால் அவருக்கு அந்த அறிமுகம் படியாக இருந்தது. பரோடா மன்னரின் மூன்றாண்டு உதவித்தொகை இருந்தது. நூலகம் இருந்தது. ஜான் டூயி, செலிக்மன் போன்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 1916 மே 9 அன்று 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசிக்க ஒரு மேடை இருந்தது. கேட்பவனாக உள்ளே போனவர் மூன்றாண்டுக்குள் சாதியைப் பற்றி உலகத்துக்குச் சொல்பவராக வெளியே வந்தார். ஒரு படிப்பு நமக்குச் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இதை உணர்ந்திருந்ததால்தான் தொடக்கக் கல்வியோடு திருப்தியடையச் சொன்னவர்களோடு அவர் கடைசிவரை மல்லுக்கட்டினார். 1942 அக்டோபரில் வைஸ்ராய்க்கு அளித்த மனுவில் ஒடுக்கப்பட்டோருக்கு உயர்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் அரசு உதவி வேண்டும் என்று கேட்டார். 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அந்தப் போராட்டத்தின் பயன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது அந்தப் பணத்தில் கல்லூரிப் படி ஏறியிருப்பீர்கள். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலை வகுப்புகள் அங்கே நடந்தன. பாடத்தின் நேரத்தைப் படிப்பவனின் வாழ்க்கைக்குத் தக்கபடி மாற்றியமைத்தார். மில் ஷிப்டுக்கும் அசைன்மென்ட் கெடுவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. திண்டுக்கல் சொல்லும் பாடம்

பம்பாய் வரைக்கும் போக வேண்டாம், நம்மூருக்கே வருவோம். தோல் ஷாப்புகள், புகையிலை, பூட்டு, நூற்பாலை என்று வளர்ந்த ஊர் திண்டுக்கல். மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர். தோல் ஷாப்பிலும் மில்லிலும் பூந்தோட்டத்திலும் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மண்ணில் ஐயன்கோட்டையில் 1926இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். மதுரையில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரனின் ஆதரவில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றார். பின்னாளில் பூதான இயக்கத்தில் நடந்தார். 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குப் போய், 1981இல் லாப்டி அமைப்பை உருவாக்கி, உழைக்கும் தலித் பெண்களின் பெயரில் நிலம் எழுதி வாங்கிக் கொடுத்தார். காந்தியவாதிகளோடு நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு உண்டு. அதை இந்த மேடையில் மறைக்கவும் வேண்டாம். ஆனால் ஐயன்கோட்டைப் பெண் பட்டதாரி ஆனதற்கு ஒரு தங்குமிடமும் ஒரு ஆளும் காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

அதே சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பட்டணத்துக்குப் போக வழியில்லாதவனின் பக்கத்தில் உயர்கல்வியைக் கொண்டுவந்து வைப்பது அதன் எண்ணம்.

அடுத்து வந்தது தபால்வழிக் கல்வி. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை, 1970களில் மதுரைப் பல்கலைக்கழகம் வழியாக நம் வட்டாரத்துக்கு வந்தது. "கரஸ்ல படிச்ச டிகிரியா?" என்று இளக்காரமாகக் கேட்பார்கள். அந்த 'கரஸ்' டிகிரியில்தான் எத்தனையோ பேர் குமாஸ்தாவும் ஆசிரியரும் வழக்கறிஞரும் ஆனார்கள். நான் சமூகவியல் முதுகலை முடித்ததும் அப்படித்தான். பழுப்பு உறையில் பாடப்பொதி வரும். சனி ஞாயிறு நேர்முக வகுப்புக்குப் பஸ் ஏறிப் போவோம். பாடப்பொதியைவிட அந்த வகுப்புக்கு வெளியே டீக்கடையில் நாங்கள் பேசிக்கொண்டதுதான் என்னைப் படிக்க வைத்தது. அங்கே கிடைத்த தோழர்களில் சிலர் இன்றும் என்னோடு இயக்கத்தில் இருக்கிறார்கள்.

அயோத்திதாசரின் சங்கம், சகஜானந்தரின் விடுதி, சித்தார்த் கல்லூரியின் காலை வகுப்பு, தபால் கல்வியின் டீக்கடை. இவை எல்லாவற்றிலும் பாடத்தோடு மூன்று கூடவே வந்தன: உட்கார ஒரு இடம், கேட்க ஒரு ஆள், அடுத்த படிக்கு ஒரு வழி. இந்த மூன்றும் சேர்ந்தபோது நாம் மேலே ஏறினோம். பாடம் மட்டும் வந்தபோது வாசலில் நின்றோம்.

5. ஏகலைவன் அலைவரிசை

2003இல் ஐ.ஐ.டி. பாடங்களை ஒளிபரப்ப ஒரு கல்வித் தொலைக்காட்சி தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஏகலைவ்யா'. குரு மறுத்தபோது மண்சிலையின் முன்னால் தனியாகக் கற்றவன் ஏகலைவன். அந்தப் பெயரை வைத்தவர்கள் கட்டைவிரல் கதையை நினைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று கேட்கப்படும் கட்டைவிரல் எது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளலாம். 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தினார்கள். தன் கல்லூரியில் இல்லாத பாடத்தை ஒரு மாணவி படிக்க இது நல்ல வாய்ப்பு. அதே விதியை ஒரு நிர்வாகம் வேறு மாதிரியும் வாசிக்கலாம். பாடத்தில் ஒரு பங்கு காணொளியில் நடக்கும் என்றால் அந்தத் துறைக்கு ஆசிரியர் எதற்கு என்று கேட்கலாம். ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாமல் போனால் அங்கே இடஒதுக்கீடும் இல்லை. காணொளிக்கு ரோஸ்டர் கிடையாது. நம் வீட்டிலிருந்து ஒருவர் உதவிப் பேராசிரியராகி வகுப்பில் நிற்பதும், அவரைப் பார்த்து முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காருவதும் எந்தத் தளத்திலும் பதிவேற்ற முடியாதவை.

இரண்டாவது, மொழி. ஸ்வயத்தின் சமூக அறிவியல் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் முதல் தலைமுறைக்கு அது இரண்டாவது சுவர்.

மூன்றாவது, யார் சொல்லித்தருகிறார்கள் என்பது. சாதி பற்றிய பாடத்தில் பெரும்பாலும் நாம் ஆய்வுப்பொருளாக இருக்கிறோம். ஆசிரியராக அரிதாகவே இருக்கிறோம். அம்பேத்கர் 1916இல் உடைத்த சுவர் இதுதான். அது திரையில் திரும்ப எழும்பிவிடக் கூடாது.

6. நாம் செய்ய வேண்டியது

அப்படியானால் இணையப் பாடம் வேண்டாமா? வேண்டும். கிடைத்த ஏணியை உதைத்துத் தள்ளும் வசதி நமக்கு இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் பிரிட்செட் 'சாதி ஒழிப்பு' நூலை விளக்கக் குறிப்புகளோடு யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார். லாகூர் மாநாட்டில் பேச விடாமல் தடுக்கப்பட்ட உரை அது. 1936இலேயே 'குடி அரசு' வழியாகத் தமிழுக்கு வந்தது. அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழில் கல்லூரிப் பாடநூல்களாக அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிவந்த நூற்றுக்கணக்கான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. இத்தனையும் நம் வாசலில் கிடக்கின்றன.

அந்த மூன்றையும் நாம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சமுதாயக்கூடமோ, அம்பேத்கர் மன்றமோ இருக்கிறது. அங்கே ஒரு திரை, ஓர் இணைய இணைப்பு, வாரம் இரண்டு மாலை. ஒரு பாடத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்து பதிவு செய்யுங்கள். காணொளியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் தமிழில் பேசுங்கள். பாடத்தில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நம்மூர் உதாரணம் ஒன்றை எழுதி வையுங்கள். 'சமூக விலக்கம்' என்று வந்தால் இரட்டைக் குவளையை எழுதுங்கள். பத்து வாரத்தில் அதுவே ஒரு தமிழ்ப் பாடநூல் ஆகிவிடும். ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் மாதம் ஒருமுறை வந்து உட்காருங்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் நம் தெருப் பெண்களே திண்ணையில் வகுப்பெடுத்ததைப் பார்த்தோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குச் செய்ததைக் கல்லூரிப் பிள்ளைக்கும் செய்ய முடியும்.

அரசிடம் மூன்று கோரிக்கைகளை வைப்போம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இணையப் பாடங்களின் தேர்வுக் கட்டணத்தை முழுதாக நீக்க வேண்டும்; இப்போது என்.பி.டி.இ.எல். தருவது பாதிச் சலுகைதான். ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் இணைய வசதியோடு படிப்பறையும் வழிகாட்டி ஒருவரும் வேண்டும். இணையப் பாடத்தைக் காரணம் காட்டி ஒரு ஆசிரியர் பணியிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது.

நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டிய கோரிக்கையும் ஒன்று உண்டு. அயோத்திதாசரின் எழுத்துகள் ஞான அலாய்சியஸின் தொகுப்பாக 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. பண்டிதர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து! அதன் பிறகுதான் அவர் நமக்குத் திரும்பக் கிடைத்தார். 'அயோத்திதாசர்: ஓர் அறிமுகம்' என்று பத்து வாரப் பாடம் ஒன்றைத் தமிழில், நம் ஆசிரியர்களைக் கொண்டு நாமே தயாரித்து இலவசமாக வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு நினைவுக் கூட்டத்துக்கு ஆகும் செலவைவிடக் கூடாது. இந்த மன்றம் அடுத்த ஆண்டு நினைவு நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பங்குக்கு முதல் இரண்டு வாரப் பாடத்தை எழுதித் தருகிறேன்.

நிலக்கோட்டைப் பெண் இப்போது அதே பாடத்தை மறுபடி எடுத்திருக்கிறாள். இந்த முறை படிப்பகத்தில் ஏழு பேரோடு. போன வாரம் ஆசிரியர் சொன்ன ஒரு கருத்தை மறுத்து விவாதப் பகுதியில் நாலு வரி எழுதியிருக்கிறாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். "எங்க ஊரைப் பத்தித்தான்க்கா எழுதினேன். அவங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

ஜெய்பீம்.